எட்டு கிராம் இரும்பு

சிஞ்ச்வட், புனே,
புதன்கிழமை காலை.

அன்பு மகள் ஜெபிஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காய்ச்சல் இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம், உன் அண்ணன் ஜெரோஷ் பெயர் இரண்டாவதுதான், அவன் பக்கத்தில் இருக்கிறவன், கொஞ்சம் காத்திருக்கலாம். இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து அது இங்கிலீஷில் சொல்வதைக் கேட்டுவிட்டு மூடி வைத்துவிடாதே. நீ எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பாய் என்று தெரியும், பரவாயில்லை, எழுத்துக்கூட்டியே வாசி, மெதுவாக வாசிக்க வேண்டிய கடிதம்தான் இது. மகர்பட்டாவில் இருக்கிற அனந்தராமன் அங்கிளின் மகள் காவ்யா ஆபீஸ் வேலையாக ஞாயிற்றுக்கிழமை கிளம்பி ஜூரிச் வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், அங்கிருந்து ரயிலில் ஜெனீவா வந்து உன்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பதினெட்டாம் தேதி உன் கூட்டத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. சொசைட்டியில் லிஃப்ட் நின்று ஒன்பது நாள் ஆகிறது, செக்ரட்டரியைக் கேட்டால் ‘உத்யா உத்யா’ என்கிறார், அவருடைய நாளைக்கு மட்டும் விடியவே மாட்டேன் என்கிறது. மூன்று மாடி ஏறி இறங்கி அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, செயற்கைக் கால் செய்தவர் வீட்டிலேயே கால்வலியா என்று கீழ் வீட்டு பாட்டீல் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெரோஷுக்குச் சாகண் ஃபாக்டரியில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, மீதி நாள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் யுத்தம் பார்க்கிறான், எந்த நாடு எந்த நாட்டின் மேல் என்ன போட்டது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி என்னிடம் சொல்கிறான். எனக்கும் அம்மாவுக்கும் திங்கட்கிழமையிலிருந்து பேச்சில்லை. இந்தக் கடிதத்தால்தான் பேச்சில்லை. சாப்பாடு மேஜைக்கு வந்துவிடும், டீ மட்டும் நானே போட்டுக்கொள்கிறேன், நான் போடும் டீ எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ போன் செய்து உன் கட்டுரையைப் பல நாட்டுக்காரர்கள் வருகிற அந்தக் கூட்டத்தில் வாசிக்க ஒப்புக்கொண்டார்கள் என்று சொன்னாயே, அதில் என் பெயர் வருகிறது என்று சொன்னாயே, அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு நான் ஆப்பா பல்வந்த் சவுக் வரை போய் உன் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து பைண்டு போட்டுக்கொண்டு வந்தேன். இங்கிலீஷ் கொஞ்சம் கடினம்தான், ஆனாலும் புரிந்துகொண்டேன். கண்ணிவெடியே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட நாடுகளில் சில இப்போது எங்களுக்கு அது வேண்டும் என்று விலகிப்போகின்றன, இனி அவர்களைத் தடுக்க முடியாது, தடுக்க முடியாவிட்டால் கட்டுப்படுத்தவாவது செய்வோம், புதைத்தால் வேலி கட்டிப் புதை, வரைபடம் போட்டுப் புதை, கருவியில் சத்தம் கேட்கும்படி உள்ளே இரும்பு வைத்துப் புதை, முப்பது நாளில் தானாகவே செத்துப்போகிற வெடியை மட்டும் புதை, அப்படிச் செய்தால் யுத்தம் கொஞ்சமாவது மனுஷத்தனமாக நடக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நீ காட்டிய சாட்சிகளில் ஒன்று, புனேயில் ராணுவக்காரர்களுக்கு முப்பத்தொரு வருடம் செயற்கைக் கால் செய்த வால்டர் என்பவரின் நோட்டு. வேலி, வரைபடம், இரும்பு என்று விதி வந்த பிறகு ஆறேழு வருடத்தில் அவரிடம் வந்த கண்ணிவெடிக் கால்கள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன என்று. மகளே, அந்தக் கணக்கு தப்பு.

எழுதிவிட்டேன். இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை உனக்குப் போன் செய்தேன், இரண்டு முறையும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதென்று உன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன், வரிசையாகக் கொக்கியில் தொங்கிய கால்களைப் பார்த்து நீ வாந்தி எடுத்தாய், அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் வகுப்பு ஃபாரத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் அரசாங்க குமாஸ்தா என்று எழுதியிருந்தாய், நான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அப்படிப்பட்ட நீ போன வருடம் போன் செய்து, அப்பா உங்கள் வேலையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று கேட்டபோது நான் என்ன ஆவேன் சொல். உச்சி குளிர்ந்துபோய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி விபத்தில், சர்க்கரையில் போன கால் என்றால் அந்த நோட்டில் வெறும் கோடு, கண்ணிவெடியில் போன கால் என்றால் சிலுவை. ராத்திரி ஜெபத்துக்காகப் போட்ட அடையாளம் அது, கணக்குக்காகப் போட்டதே இல்லை. ஒரு வருடம் நாற்பத்தொரு சிலுவை, அப்புறம் இரண்டிரண்டு வருடம் விட்டுப் பார்த்தால் முப்பது, பதினெட்டு, பத்து. நீ ஏன் குறைந்தது என்று கேட்டாய். விதி வந்ததால்தான் என்று நான் சொன்னேன். நீ கேட்க ஆசைப்பட்ட பதில் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதை என் வாயும் சுலபமாகச் சொல்லிவிட்டது.

போன சனிக்கிழமை சவரிமுத்து வந்தான். உனக்கு அவனைத் தெரியாது, கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், ராணுவத்தில் கண்ணிவெடி புதைக்கிற, எடுக்கிற பிரிவில் ஹவில்தாராக இருந்தவன், இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அவனுக்கு முதல் கால் செய்தது நான்தான். இப்போது மகன் தினேஷுக்குச் சாகணில் வேலை கிடைத்து, அவனைக் கொண்டு விட்டுவிட்டுப் போக வந்தவன், அண்ணாச்சியைப் பார்க்காமல் போவேனா என்று லிஃப்ட் இல்லாத மூன்று மாடியையும் அந்தக் காலோடு ஏறி வந்துவிட்டான். அம்மா மீன்குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்து, காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எனக்குக் கை சும்மா இருக்குமா, எடுத்துப் பார்த்தேன். நாங்கள் பட்டறையில் ஒவ்வொருவரும் செய்து முடித்த காலில், தோல் படாத இடம் பார்த்து, மிச்சக் கால் போய் உட்காரும் கிண்ணத்தின் உள் ஓரத்தில் ஆணியால் ஒரு குறி கீறிவிடுவோம், என் குறி வ. எனக்குப் பின்னால் வந்த பையன்கள் குறியும் எனக்குத் தெரியும். அந்தக் காலில் இருந்த குறி எங்கள் பட்டறைக் குறியே இல்லை. இது யார் செய்தது என்று கேட்டேன். ‘நம்ம பக்கத்துலயே சென்டர் தொறந்துட்டாவல்லா அண்ணாச்சி, பதினேழு பதினெட்டு வருசமாச்சே. பின்ன இதுக்காவ ரெண்டு நாளு ரயிலேறி புனே வருவாவளா? எங்கூட ரயிலேறி வந்த பயலுவ எல்லாவனும் இப்ப அங்கதான் போறான்’ என்றான். குழம்பு நல்லா இருக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். எனக்குக் கையில் இருந்த கால் கனத்துவிட்டது.

அவன் போனதும் அனந்தராமனைப் போனில் பிடித்தேன். பட்டறை ஆபீஸில் ரெஜிஸ்டர் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. சிலுவை குறைய ஆரம்பித்த வருடத்தைச் சொல்லி, அப்போது என்ன நடந்தது என்று கேட்டேன். ‘ஓய் வால்டர், அந்த வருஷந்தான ஓய் வேற வேற ஊர்ல நாலு எடத்துல சென்டர் தொறந்தா, நம்ம லிஸ்ட்டுலேர்ந்து பேரெல்லாம் கிழிச்சு அனுப்பினேனே, நீர் கூடவே நின்னு டீ குடிச்சிண்டிருந்தீர், மறந்துட்டீரா?’ என்றார். மறந்துதான் போனேன். அதோடு விடவில்லை, யுத்தம் வரப்போகிறது என்று எல்லை நெடுகப் புதைத்ததையெல்லாம் எடுத்து முடித்ததும் அதே சமயம்தான், எடுக்க ஆள் போகவில்லை என்றால் கால் போகவும் வழியில்லையே என்றார். சரி, எல்லா ஊரிலும் சேர்த்துக் கண்ணிவெடிக் கால் மொத்தம் எத்தனை என்று கேட்டேன். காரணம் என்று ஒரு கட்டமே அவருடைய ரெஜிஸ்டரில் கிடையாதாம். வலதா இடதா, முழங்காலுக்கு மேலா கீழா, அவ்வளவுதான். எதனால் போனது என்று எழுதி வைத்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது, அதுவும் என் பெஞ்சுக்கு வந்தவரை மட்டும். குறைந்திருக்கலாம், குறையாமலும் இருந்திருக்கலாம். என் வாசலுக்கு வருவது குறைந்ததை உலகத்திலேயே குறைந்துவிட்டது என்று நான் சொல்லிவிட்டேன், நீ அதை அச்சில் போட்டுவிட்டாய்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ‘வேலைய நீட்டிக் குடுப்பாவளோ மாட்டாவளோன்னு புள்ள அங்க உசுரக் கையில புடிச்சிட்டு இருக்கா, இப்பப் போய் அவ பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறீயளா, ஒம்ம நோட்டு ஒமக்குத் தெரியும், வேற எவனுக்குத் தெரியும்?’ என்றாள். அதோடு ஒரு வார்த்தை சொன்னாள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தப்புக் கணக்கோ சரிக் கணக்கோ, அதைக் கேட்டு நாலு நாடு வேலி கட்டிப் புதைத்தால் நாலு பிள்ளைகளுக்குக் கால் மிஞ்சும், அதைக் கெடுக்க நீங்கள் யார் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை ஜெபி. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நோட்டைக் கிழித்து கீழே குப்பை அள்ள வரும் கச்சரா வண்டியில் போட்டுவிடக்கூட நினைத்தேன், அந்த வண்டிப் பாட்டு கேட்டதும் எழுந்தும் நின்றேன். முடியவில்லை. அது வெறும் கணக்கு என்றால் போட்டிருப்பேன். ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு முகம் எனக்குத் தெரியும்.

சவரிமுத்துவிடம் உன் கட்டுரையைப் பற்றியும் சொன்னேன், காலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, பெருமையாகத்தான் சொன்னேன். விதி இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அவன் எதையும் அலசி ஆராய்ந்து பேசுகிறவன் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்வான். அவனுக்குக் கால் போனது எதிரி வைத்த வெடியில் அல்ல, அவன் ஆட்களே புதைத்து, அவன் ஆட்களே திருப்பி எடுக்கப் போனபோது. எல்லாம் விதிப்படி. வேலி இருந்தது, தகட்டில் மண்டையோடு இருந்தது, வரைபடம் இருந்தது, வெடிக்குள் எட்டு கிராம் இரும்பு இருந்தது. மணல் மட்டும் வரைபடத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டது. ‘மிசின் கத்துச்சு அண்ணாச்சி, சட்டம் வேலை செஞ்சுது. முன்னால கத்துனத பாத்து நான் ஒரு எட்டு பின்னால வச்சேன், பின்னால ஒண்ணு கெடந்துச்சு’ என்றான். வேலியால் பிரயோஜனம் இல்லையா என்றேன். ‘ஏன் இல்ல, வேலி இருந்ததாலதான் ஆடு மேய்க்கற புள்ளைய உள்ள வரல. நான் உள்ள போவ வேண்டியவன், எனக்கு என்ன வேலி?’ என்றான். முப்பது நாளில் தானாகச் செத்துவிடுகிற வெடியைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் சிரித்தான், கெட்ட சிரிப்பு. ‘தானாச் செத்துரும்னா எடுக்க ஆளு வேண்டாம். எடுக்க ஆளு வேண்டாம்னா பொதைக்கப் பயம் எதுக்கு? நாங்க நூறு பொதைச்ச எடத்துல ஆயிரம் பொதைப்பான். செத்துச்சா இல்லியான்னு மிதிச்சுப் பாக்கறவனுக்குத்தான தெரியும்’ என்றான்.

அவன் சொன்னது சரி, நீ சொல்வது தப்பு என்று நான் எழுத வரவில்லை. அந்தத் தப்பை ஒரு தடவை செய்தது போதும். பட்டறையில் எனக்கு மேலே இருந்த டாக்டர் மேஜர் ஒருவர் ஒரு நாள் வெற்று வெடி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார், ஷூ பாலிஷ் டப்பா அளவுதான், உள்ளே மருந்து இரண்டு ஸ்பூன். ஏன் இவ்வளவு கொஞ்சம் என்று கேட்டோம். கொல்வதற்கு இல்லை என்றார். செத்தவனைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கால் போனவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஒரு வெடிக்கு மூன்று ஆள் குறையும் என்றார். அதையும் யாரோ ஒருவன் ஒரு மேஜையில் உட்கார்ந்து, இது ஆளைக் கொல்லாது, ஆகையால் பரவாயில்லாத ஆயுதம் என்று சொல்லியிருப்பான் இல்லையா? அந்தப் பரவாயில்லையில்தான் நம் வீட்டு அடுப்பு எரிந்தது, உன் காலேஜும் அதில்தான். வேலியால் தப்பித்த ஆட்டுக்காரப் பிள்ளைகளும் உண்மை, வேலிக்குள்ளே போன சவரிமுத்துவும் உண்மை. அளவாக அடித்தால் யுத்தம் மனுஷத்தனமாகிவிடுமா, அல்லது அளவாக அடிக்கிறோம் என்ற தைரியத்தில் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருப்பார்களா, எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் அதன் குப்பையைக் கையில் பிடித்தவனுக்கே தெரியவில்லை. தெரியும் என்று உன் கட்டுரையில் நான் சொன்னதாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதோடு தனித்தாளில் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், வால்டர் ஆகிய நான் சொன்ன எண்ணிக்கை என் பெஞ்சுக்கு வந்தது மட்டும், விதியால் குறைந்தது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்று. அதை உன் ஆபீஸ் பெரியவர்களிடம் கொடு. கட்டுரையை நிறுத்திவிடுவார்களோ, உன்னைக் கோபிப்பார்களோ, வேலையை நீட்டாமல் விட்டுவிடுவார்களோ, எதுவும் எனக்குத் தெரியாது. வந்தால் வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது, அம்மா அதில் அரிசி டப்பா வைத்திருக்கிறாள், எடுத்துவிடலாம். கொடுக்காமல் இருந்துவிட்டாலும் உன்னைத் திட்ட மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நீ என் வேலையைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதே, எனக்குச் சொல்ல வராது. என்மேல் கோபம் வந்தால் வைத்துக்கொள்ளாதே, போன் செய்து திட்டிவிடு. நீ அப்பா தொழில் என்ற இடத்தில் உண்மையை எழுதியது இந்தக் கட்டுரையில்தான், அதில் போய் நான் இப்படிச் செய்துவிட்டேன் என்பதுதான் எனக்கு அழுகையாக வருகிறது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கால் கல்லில் இடறாதபடி பார்த்துக்கொள்வாராக. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போடு, வெறுங்காலோடு நடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறாள், என்னோடு பேச்சில்லாவிட்டாலும் காவ்யாவின் பெட்டி எவ்வளவு கொள்ளும் என்று என்னிடம்தான் கேட்டாள்.

ஊறுகாயோடு ஒரு சின்னத் துணிப்பொட்டலம் இருக்கும், அதையும் தைத்துக் கொடுத்தது அம்மாதான். உள்ளே இருப்பது வளைந்துபோன ஓர் இரும்பு வளையம். விதிப்படி வெடிக்குள் வைத்த இரும்பு, இரண்டு வருடம் கழித்துச் சவரிமுத்துவின் தொடைப் பக்கமிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்தது, இத்தனை வருடமாகப் பர்ஸில் வைத்திருந்தான். கீழே இறங்கும்போது படியில் நின்று கையில் திணித்துவிட்டுப் போனான், பாப்பாவுக்குக் கொடுங்கள், கூட்டத்தில் காட்டட்டும் என்று. எட்டு கிராம் இருக்க வேண்டுமாம். கோவில்பட்டியில் இரண்டு நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தானாம், ‘ஏழுதான் வருது அண்ணாச்சி, பாக்கி ஒண்ணு இன்னும் உள்ளதான் கெடக்கு போல’ என்றான். கூட்டத்துக்குப் போகும் முன்னால் அங்கே நல்ல தராசாகப் பார்த்து நீயும் ஒரு தடவை நிறுத்து, எவ்வளவு என்று எனக்குச் சொல். இதையாவது சரியாக எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரை வைத்திருக்கும் அப்பா,
வால்டர்